மஞ்சள் நாளுக்கு நீலமும் கொண்டு வாருங்கள்

கேள்வி இதுதான்: மழலையர் வகுப்பு, நான்கு ஐந்து வயதுக் குழந்தைகள், இருபது பேருக்கு மேல். அடுத்த வாரம் ‘எல்லோ டே’. மஞ்சள் உடை, மஞ்சள் பலூன், அச்சடித்த சூரியகாந்திப் படத்துக்கு வண்ணம் தீட்டுவது என்று எல்லோரும் செய்வதைத் தாண்டி, குழந்தைகளுக்கு உண்மையிலேயே ஏதாவது போய்ச் சேருகிற மாதிரி என்ன செய்யலாம்?

நிறைய செய்யலாம். ஆனால் யோசனைகளுக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான கலர் டேக்கள் இங்கேதான் சறுக்குகின்றன. சுவர், மேசை, உடை, பலூன் எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிட்டால் பெரியவர்கள் கண்ணுக்கு அழகாக இருக்கும், போட்டோவும் நன்றாக வரும். ஆனால் மஞ்சள் எது என்று இன்னும் பிடிபடாத குழந்தைக்கு அந்த அறையில் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை. எல்லாமே மஞ்சள் என்றால் டீச்சர் எதைக் காட்டி ‘மஞ்சள்’ என்கிறார் என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? பக்கத்தில் மஞ்சள் அல்லாதது இருந்தால்தான் மஞ்சள் தெரியும். அதனால் முதல் ஆலோசனை, மஞ்சள் நாளுக்குக் கொஞ்சம் நீலம், கொஞ்சம் ஆரஞ்சு, வெளிர்பச்சை எல்லாம் சேர்த்து எடுத்து வையுங்கள்.

நிறங்களைப் பார்ப்பதில் குழந்தைகளுக்குச் சிக்கல் இல்லை, பிறந்து சில மாதங்களிலேயே அவர்கள் கண் நிறங்களைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. பெயர் சொல்வதுதான் தாமதம். நாய், பந்து, செருப்பு எல்லாம் சரளமாகச் சொல்லும் குழந்தை மூன்று வயதிலும் சிவப்பை நீலம் என்று சொல்லும், சிலருக்கு நான்கு வரைகூட இது போகும். பந்தைக் கையில் எடுத்துக் கொடுக்கலாம், மஞ்சளைத் தனியாக எடுத்துக் கொடுக்க முடியாதே. அது எப்போதும் ஏதோ ஒரு பொருளின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு எலுமிச்சம்பழமும் மஞ்சள், மணலும் ஒரு மாதிரி மஞ்சள், ஆனால் இரண்டும் ஒரே நிறம் இல்லை.

இதற்குச் செலவே இல்லாத ஒரு வழி, நீங்கள் பேசும் வரிசையை மாற்றுவது. “மஞ்சள் பந்தை எடு” என்றால் குழந்தை பந்தைத் தேடுகிறது, மஞ்சள் என்ற சொல் காதோடு போய்விடுகிறது. “இந்தப் பந்தைப் பார், இது மஞ்சள். அந்தப் பந்து நீலம்” என்று பொருளை முதலில் சொல்லி நிறத்தைப் பின்னால் சொன்னால், கண் ஏற்கெனவே பந்தின் மேல் இருக்கும்போது நிறம் காதில் விழுகிறது. ஒரே மாதிரி இரண்டு பொருள், நிறம் மட்டும் வேறு. அன்று முழுவதும் இப்படிப் பேசினாலே பாதி வேலை முடிந்த மாதிரி. இன்னொன்று, நாள் முழுக்க “இது என்ன கலர்? அது என்ன கலர்?” என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். தெரிந்த குழந்தைக்கு அது சலிப்பு, தெரியாத குழந்தைக்கு அது பரீட்சை.

உடை விஷயம். இதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன், குழந்தைகளுக்கு அது பிடிக்கும். ஆனால் சுற்றறிக்கையில் ‘மஞ்சள் உடை அணிந்து வர வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ஒரு நாளுக்காக உடை வாங்க முடியாத வீடுகள் எல்லா வகுப்பிலும் உண்டு, வாங்க முடிந்தும் மறந்துபோகும் வீடுகள் அதைவிட அதிகம். ‘வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மஞ்சள் பொருள் ஏதாவது ஒன்று, ரப்பர் பேண்டாக இருந்தாலும் சரி, பொத்தானாக இருந்தாலும் சரி’ என்று எழுதி ஒரு வாரத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். அன்று காலை எல்லாக் குழந்தைக்கும், மஞ்சளில் வந்தவருக்கும் வராதவருக்கும், ஒரே மாதிரி காகிதக் கைப்பட்டை ஒட்டிவிடுங்கள். மறந்து வந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தால் அந்தப் பட்டையே ‘இவன் மறந்தவன்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். சிறந்த உடைக்குப் பரிசு என்ற பேச்சே வேண்டாம், அது அம்மா அப்பாவுக்கு வைக்கும் போட்டி.

சரி, இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

வீட்டிலிருந்து வந்த பொருள்களை வைத்தே அன்றைய முக்கியமான வேலையைச் செய்யலாம். தரையில் ஒரு பெரிய வெள்ளைத் துணியை விரித்து, ஒரு ஓரத்தில் ‘மஞ்சள்’, எதிர் ஓரத்தில் ‘மஞ்சள் இல்லை’ என்று இரண்டு இடம் ஒதுக்குங்கள், நடுவில் கொஞ்சம் காலி இடம் விடுங்கள். அந்தக் காலி இடம்தான் விஷயமே. ஒவ்வொருவராகத் தங்கள் பொருளைக் கொண்டுவந்து வைக்கட்டும். முதல் பத்துப் பொருள் சுலபமாகப் போய்விடும். அப்புறம் ஒரு பழுப்பு மஞ்சள் உறை வரும், ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் இடையில் ஒரு பொத்தான் வரும், வெளிர்பச்சை மூடி ஒன்று வரும். வராவிட்டால் நீங்களே எடுத்து வையுங்கள், அதற்குத்தான் முதலிலேயே வேறு நிறங்கள் வேண்டும் என்றேன். சண்டை ஆரம்பிக்கும். “இது மஞ்சள்தான்!” “இல்லை, இது பச்சை!” நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். “ஏன் அப்படிச் சொல்கிறாய், எதைவிட இது பச்சையாக இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பொத்தானை முதலில் ஆரஞ்சுத் தாள் பக்கத்திலும் பிறகு எலுமிச்சை மஞ்சள் தாள் பக்கத்திலும் வைத்துக் காட்டினால் அதே பொத்தான் ஒரு முறை மஞ்சளாகவும் மறு முறை ஆரஞ்சாகவும் தெரியும். இது நம் எல்லோருடைய கண்ணும் செய்கிற வேலை, நான்கு வயதுக்காரர்களும் இதைக் கவனித்துச் சொல்கிறார்கள். கடைசியில் தீராத பொருள்கள் நடுவிலேயே கிடக்கட்டும், எங்கே நிறம் மாறுகிறது என்பதற்குக் கோடு கிடையாது என்பது அவர்களுக்குப் புரிந்தால் போதும்.

இதன் அடுத்த படி, வரிசைப்படுத்துவது. மான்டிசோரி வகுப்புகளில் நிறப் பலகைகள் என்று ஒரு பொருள் உண்டு, மூன்று பெட்டி. முதல் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று ஜோடி. இரண்டாவதில் 11 ஜோடி. மூன்றாவதில் ஒன்பது நிறம், ஒவ்வொன்றிலும் அடர்த்தியிலிருந்து வெளிர் வரை ஏழு சாயல், மொத்தம் 63 பலகை. நூறு வருடத்துக்கு மேல் பழைய யோசனை, ஆனால் அந்தப் படிவரிசை இன்றும் சரி. முதலில் ஒன்றுபோல் இருப்பதைச் சேர்ப்பது, பிறகு ஒரே நிறத்துக்குள் ஏற்ற இறக்கம் பார்ப்பது. பலகை வாங்க வேண்டியதில்லை, பெயிண்ட் நிறுவனங்களின் ஷேடு கார்டை வெட்டினால் போதும், அல்லது நீங்களே மஞ்சளில் வெள்ளை பெயிண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஏழு அட்டை பூசிக்கொள்ளலாம். நான்கு வயதுக்கு மூன்று சாயல் போதும், ஐந்து வயதுக்கு ஐந்து.

இப்போது மஞ்சளுக்கே உரிய ஒரு பிரச்சினை. மஞ்சள்தான் எல்லா நிறங்களிலும் வெளிச்சமான நிறம், அதனால் வெள்ளைத் தாளில் மஞ்சள் கிரேயானால் வரைந்தால் ஒன்றும் தெரியாது. குழந்தை சிரமப்பட்டு வரைந்துவிட்டுத் தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும். மஞ்சள் நாளில் வரைய வைப்பதென்றால் கறுப்பு அல்லது கருநீலத் தாள் கொடுங்கள், அதே கிரேயான் பளிச்சென்று தெரியும். சாதாரணக் கிரேயான் கொஞ்சம் மங்கலாக விழுந்தால் ஆயில் பேஸ்டல் கொடுங்கள், அது நன்றாக ஏறும். இல்லை, வெள்ளைத் தாளையே வேடிக்கையாக்க வேண்டுமென்றால், மஞ்சள் மெழுகுக் கிரேயானால் அழுத்தி வரையச் சொல்லி, மேலே நீர்த்த நீல வாட்டர்கலரைப் பூசச் சொல்லுங்கள். மெழுகு தண்ணீரை ஒட்ட விடாது, நீலத்துக்கு நடுவே மஞ்சள் கோடுகள் எழுந்து வரும். அழுத்தி வரைவது முக்கியம், லேசாகத் தடவினால் நீலம் உள்ளே போய்விடும்.

பெயிண்ட் கலக்குவது என்றதும் எல்லோரும் மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்று செய்து காட்டுவார்கள். செய்யுங்கள், ஆனால் காட்டாதீர்கள், அவர்களே கலக்கட்டும், அதுவும் மஞ்சளில் நீலத்தை ஒரு சொட்டுச் சொட்டாக விடட்டும். நீலத்தில் மஞ்சளைச் சேர்த்தால் நிறம் மாறவே ஏகப்பட்ட மஞ்சள் தேவைப்படும், பொறுமை போய்விடும். எனக்கு இதைவிடப் பிடித்தது மஞ்சளில் கறுப்பு. பெரியவர்களையும் கேட்டுப் பாருங்கள், அழுக்கு மஞ்சள் வரும், சாம்பல் வரும் என்பார்கள். வருவது ஆலிவ் பச்சை. நீலம் ஒரு துளிகூடச் சேர்க்காமல் பச்சை வருவதைப் பார்த்துக் குழந்தைகள் மறுபடி மறுபடி செய்வார்கள். கறுப்பைக் குச்சி நுனியில் தொட்டுத்தான் சேர்க்க வேண்டும், ஊற்றினால் நேராகக் கறுப்புத்தான்.

ஆரஞ்சு வேண்டுமென்றால் மஞ்சளில் சிவப்பு, அது சொதப்பாது. ஊதா நிறத்தில்தான் பலர் ஏமாறுவார்கள், சாதாரணச் சிவப்பும் நீலமும் சேர்த்தால் பழுப்புச் சேறுதான் வரும், ஏனென்றால் அந்தச் சிவப்பில் மஞ்சள் சாயல் கலந்திருக்கிறது. நல்ல ஊதாவுக்கு மெஜந்தா, அதாவது அந்த அடர்ந்த ரோஸ் நிறம் வேண்டும். இது மஞ்சள் நாளுக்குத் தேவையில்லை, எப்படியும் ஒரு நாள் ஊதா நாள் வரும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

வெளியே போக இடமிருந்தால் உதிர்ந்த மஞ்சள் இலைகளைப் பொறுக்கச் சொல்லுங்கள், கூடவே அதே மரத்தின் பச்சை இலையும் சில. “மஞ்சள் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டால் யாரோ பூசினார்கள் என்பதிலிருந்து வெயிலில் காய்ந்தது என்பது வரை பதில் வரும். பெரும்பாலும் அந்த மஞ்சள் இலைக்குள் முதலிலிருந்தே இருந்ததுதான். பச்சையம் அதை மறைத்துக்கொண்டிருந்தது, இலை வயதாகிப் பச்சையம் சிதைந்ததும் உள்ளே இருந்த கரோட்டினாய்டு நிறமிகள் வெளியே தெரிகின்றன. கரோட்டினாய்டு என்ற பெயரெல்லாம் அவர்களுக்கு வேண்டாம், ‘ஒளிந்திருந்த மஞ்சள்’ என்றாலே போதும். பாதி பச்சை பாதி மஞ்சளான இலை கிடைத்தால் அதுதான் அன்றைய பொக்கிஷம்.

ஐந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்று, உங்களுக்கும்தான். மொபைல் திரையில் முழு மஞ்சள் படம் ஒன்றை வைத்து, விரல் நுனியால் மிகச் சிறிய தண்ணீர்த் துளி ஒன்றை அதன் மேல் வையுங்கள். துளி லென்ஸ் மாதிரி வேலை செய்யும், உற்றுப் பார்த்தால் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் தெரியும், மஞ்சள் புள்ளியே இருக்காது. திரையில் மஞ்சள் விளக்கு கிடையாது, சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்து கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. பெயிண்டில் சிவப்பும் பச்சையும் கலந்தால் பழுப்பு, ஒளியில் கலந்தால் மஞ்சள். ஏன் என்று விளக்கப் போக வேண்டாம், பார்த்தால் போதும்.

நடத்துவது எப்படி என்றால், இருபது பேரையும் ஒரே நேரத்தில் பெயிண்டோடு உட்கார வைக்காதீர்கள். ஐந்தைந்து பேராக நான்கு இடம், ஒரு இடத்தில் மட்டும் ஈர வேலை, அங்கே கட்டாயம் ஒரு பெரியவர். மற்ற மூன்றும் தாங்களே செய்துகொள்ளக் கூடியவை: வரிசைப்படுத்துவது, இலை ஒட்டுவது, கறுப்புத் தாளில் வரைவது. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம், ஆனால் ஒரு குழு ஆழ்ந்து போயிருந்தால் மணி அடித்துக் கலைக்க வேண்டாம். பெயிண்டைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், வீட்டுக்குக் கிளம்பும்முன் காய வேண்டும். மூடியளவு பெயிண்ட் போதும். நல்ல உடையில் வந்திருப்பார்கள், அதனால் மேலே போட ஒரு பழைய பெரிய சட்டை வேண்டும் என்று அதே சுற்றறிக்கையில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். அந்தத் துணியின் மேல் நடக்கும் விளையாட்டில் ஒரு பையன் வெளிர்பச்சை மூடியைத் தயக்கமே இல்லாமல் மஞ்சள் பக்கம் வைக்கலாம், ஒரு முறை இல்லை, திரும்பத் திரும்ப. அவன் விளையாட்டுக்காகவும் செய்யவில்லை, தெரியாமலும் இல்லை, அவன் கண்ணுக்கு அவை ஒன்றுபோலத் தெரியலாம். சிவப்பு பச்சை நிறக்குறைபாடு ஆண் குழந்தைகளில் அரிதல்ல; ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய 12 ஆண்களில் ஒருவருக்கு உண்டு, மற்ற மக்களிடையே இது ஓரளவு குறைவு. பெண்களில் மிகக் குறைவு, காரணம் இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பது. எனவே இருபது முப்பது பேர் உள்ள வகுப்பில் அப்படி ஒரு பையன் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, பெரும்பாலும் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. வகுப்பில் வைத்துத் திருத்த வேண்டாம், மற்ற குழந்தைகள் சிரிக்க இடம் கொடுக்கவும் வேண்டாம். சில நாள் கவனித்துவிட்டு, அதே மாதிரி நடந்தால் கண் பரிசோதனை செய்துபாருங்கள் என்று பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள். கிரேயான்களில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுவது, அல்லது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சின்ன வடிவம் வரைந்து ஒட்டுவது, அவனுக்குப் பெரிய உதவி.

பாதுகாப்பில் மூன்றே விஷயம். பலூன் வேண்டாம் என்பது என் கருத்து, வெடித்த பலூன் துண்டு தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம், எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு என்று பலூன் உறையிலேயே பல இடங்களில் அச்சடிக்கிறார்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ள குழந்தையும் இருக்கலாம். இரண்டாவது, ‘நச்சற்றது’ என்று குறிப்பிடாத வண்ணப் பொடியையும் பெயிண்டையும் தொடாதீர்கள். பளிச்சென்ற மஞ்சளுக்குத் தொழிற்சாலைகளில் வெகுகாலமாகப் பயன்பட்டது லெட் குரோமேட், அதில் ஈயம் இருக்கிறது, குழந்தைகள் உடலில் ஈயம் எவ்வளவு குறைவாகப் போனாலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. மூன்றாவது, சாப்பாட்டை மஞ்சளாக்க நிறம் சேர்க்காதீர்கள். டார்ட்ராசின் என்ற மஞ்சள் நிறமி உள்பட ஆறு செயற்கை நிறங்கள் கலந்த உணவுகளில், குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. இயற்கையிலேயே மஞ்சளான பழம் எதுவாக இருந்தாலும் போதும், யாருக்கு என்ன ஒவ்வாமை என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு.

அடுத்தடுத்து வேறு நிற நாள்கள் வந்தால் ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய ஒரு வித்தை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக்கு: வெள்ளைத் தாளில் நீலத்தில் ஒரு படம் வரைந்து, அதன் மேல் வெளிர்சிவப்புக் கிரேயானால் கன்னாபின்னாவென்று கிறுக்கி, சிவப்புச் செலோபேன் தாள் வழியாகப் பார்க்க வையுங்கள், கிறுக்கல் மறைந்து நீலப் படம் கருமையாகத் தெரியும். செலோபேன் மெல்லியதாக இருந்தால் இரண்டாக மடிக்க வேண்டும். கறுப்புக்கு: தண்ணீரில் கரையும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் டிஷ்யூ தாளில் ஒரு தடித்த புள்ளி, தாளின் நுனி மட்டும் தண்ணீரில். மை மேலே ஏற ஏற நீலம், ஊதா, மஞ்சள் என்று பிரியும், எந்தெந்த நிறம் என்பது பேனாவைப் பொறுத்தது. பர்மனென்ட் மார்க்கரில் இது நடக்காது, முந்தின நாளே சோதித்துப் பாருங்கள். நீலத்துக்கு: சிவப்பு முட்டைக்கோஸை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிய ஊதாத் தண்ணீரில் சமையல் சோடா போட்டால் நீலம், இன்னும் போட்டால் பச்சை பக்கம் போகும், எலுமிச்சைச் சாறு விட்டால் ரோஸ். பச்சை நாளுக்கு யோசிக்கவே வேண்டாம், மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு நான்கையும் கொடுத்து எத்தனை பச்சை செய்ய முடிகிறது என்று விட்டுவிடுங்கள், ஒவ்வொரு பச்சைக்கும் அவர்களே பெயர் வைக்கட்டும். தவளைப் பச்சை, மழைப் பச்சை, சளிப் பச்சை எல்லாம் வரும். எழுதி ஒட்டுங்கள், சளிப் பச்சையையும் சேர்த்துத்தான்.

தலைமையாசிரியர் போட்டோ கேட்பார், பெற்றோரும் கேட்பார்கள். காலையில் வந்ததும் வரிசையாக நிற்க வைத்து எடுத்தால் அரை மணி நேரம் போய்விடும், பாதிப் பேர் அழுவார்கள். பெயிண்ட் வேலை முடிகிற நேரத்தில், கை கழுவும்முன், வேலை செய்துகொண்டிருக்கும்போதே எடுத்துவிடுங்கள். யாருடைய படத்தை வெளியே போடலாம் என்ற அனுமதியையும் அந்த ஒரே சுற்றறிக்கையில் கேட்டு வாங்கிவிட்டால் தனியாக இன்னொன்று அனுப்ப வேண்டியதில்லை.